தைக்குவாண்டோவும் ஒலிம்பிக் பதக்கங்களும்

ஆசியாவிலே பிறந்த போர்க்கலைகளுள் ஒலிம்பிக் விழாவில் நிலையான இடம் பெற்றவை இரண்டே. ஒன்று யப்பானியர் அளித்த யூடோ. மற்றையது கொரியர் அளித்த தைக்குவாண்டோ. பின்னையது 1988 இல் சியோல் நகரிலும் 1992 இல் பார்சலோனாவிலும் காட்சிப் போட்டியாக மட்டும் நிகழ்ந்து, 2000 ஆம் ஆண்டிற் சிட்னி நகரில் முறையான பதக்கப் போட்டியாயிற்று. நம் நாட்டுச் சுசந்திகா ஜயசிங்க இருநூறு மீற்றர் ஓட்டத்திற் பதக்கம் பெற்றதும் அவ்விழாவிலேயே என்பதை வாசகர் நினைவுகூர்வர். அன்றுதொட்டு 2024 ஆம் ஆண்டுப் பாரிஸ் விழா ஈறாக ஏழு விழாக்கள் நடந்துள்ளன. ஒவ்வொன்றிலும் ஆடவர்க்கு நான்கு, மகளிர்க்கு நான்கு என எட்டு நிறைப்பிரிவுகள் உள. ஆகவே எல்லாமாக 56 பொற்பதக்கங்கள் வழங்கப்பட்டன. இவற்றுள் தென்கொரியா பெற்றவை 14. சரியாக நாலிலொரு பங்கு. எஞ்சிய 42 பதக்கங்களும் வேறு 24 கொடிகளின் கீழ்ச் சென்றன.

தாம் படைத்த கலையில் நாலிலொரு பங்கே பெறுதல் ஒரு நாட்டார்க்குப் பெருமையா, சிறுமையா? தோக்கியோ விழா 2021 இல் நடந்தபோது கொரியர் ஒரு வெள்ளியும் இரு வெண்கலங்களும் பெற்றனரேயன்றிப் பொன் ஒன்றும் பெற்றிலர். பதக்கப் பட்டியலை மேலோட்டமாக நோக்குவார்க்கு இது வீழ்ச்சியாகத் தோன்றும். அங்ஙனம் கொள்வது பொருந்தாது என்பதே எம் கருத்து. அதனை நிறுவுதற்கு இக்கலை எவ்வாறு பரவிற்று, பதக்கங்கள் எவ்வாறு பங்கிடப்பட்டன, வெற்றி எவ்வாறு அளக்கப்பட்டது என்பவற்றைச் சிறிது ஆராய்தல் வேண்டும்.

கொரிய மொழியில் 'தை' என்பது காலால் உதைத்தலையும், 'குவான்' என்பது கைமுட்டியால் இடித்தலையும், 'தோ' என்பது நெறியையும் குறிக்கும். ஆகவே காலும் கையும் கொண்டு பொரும் நெறி என்பது இப்பெயரின் பொருளாம். இக்கலை இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடையது என்பார் பலர். பழமை கூறிப் பெருமை தேடும் வழக்கம் நமக்கும் புதிதன்று. எனினும் வரலாறு வேறு, விருப்பம் வேறு. கொரியா 1910 முதல் 1945 வரை யப்பானியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அக்காலத்திற் கராத்தே பயின்ற கொரிய இளைஞர் சிலர் விடுதலைக்குப்பின் சியோலிற் பயிற்சிக் கூடங்கள் அமைத்தனர். அக்கூடங்களில் வழங்கிய முறைகள் பலவாய் வேறுபட்டிருந்தன. 'தைக்குவாண்டோ' என்னும் பொதுப்பெயர் 1955 ஆம் ஆண்டிலேயே தோன்றிற்று. அதனை முன்மொழிந்தவர் படைத்தலைவர் சோய் ஹொங்-ஹீ என்பவர். எனவே இன்று நாம் காணும் உருவில் இக்கலை ஒரு மனிதனின் வாழ்நாளினும் மிகுந்த வயதினதன்று. காலை உயர்த்தி உதைக்கும் ஆற்றலுக்கு ஏனைய முறைகள் தராத முதன்மையை இது தந்தது; அதுவே இதன் தனித்தன்மை.

இளமையான கலை விரைவாகப் பரவிற்று. பரப்பியவர் ஆசிரியர்கள். 1959 ஆம் ஆண்டிற் சோய் ஒரு படைவீரர் குழுவினை அழைத்துக்கொண்டு தென் வியட்நாமுக்கும் தைவானுக்கும் சென்று இக்கலையைச் செய்துகாட்டினார். அடுத்த பத்தாண்டிற் கொரியப் பயிற்றுநர் அந்நாட்டுப் படைகளுக்கு இதனைக் கற்பித்தனர். 1969 இல் மூன் டே-வொன் என்னும் இளைஞர் மெக்சிக்கோவிற் குடிபுகுந்து பள்ளி தொடங்கினார். இவ்வாறே மேற்கு ஆபிரிக்காவுக்கும் ஈரானுக்கும் ஐரோப்பாவுக்கும் கொரிய ஆசிரியர் சென்றனர். சியோலில் 1972 இல் குக்கிவொன் என்னும் தலைமை மன்றம் எழுந்தது. 1973 இல் அங்கேயே முதல் உலகச் சுற்றுப்போட்டி நடந்தது. அவ்வாண்டே உலகத் தைக்குவாண்டோச் சம்மேளனமும் நிறுவப்பட்டது. சோயின் வழிவந்தோர் அதிற் சேராது வேறோர் அமைப்பின்கீழ் நின்றனர். ஒலிம்பிக் விழாவிற் புகுந்தது சம்மேளனத்தின் முறையே ஆதலின், மற்றையதனை ஈண்டு விடுத்துச் செல்வாம்.

விதைத்தவை விளைந்த காலத்தை நோக்குக. 2000 ஆம் ஆண்டிற் சிட்னியில், 57 கிலோகிராமுக்கு உட்பட்ட மகளிர் பிரிவில், திரான் ஹியு நான் என்னும் வியட்நாமிய மங்கை வெள்ளிப் பதக்கம் பெற்றார். வியட்நாம் ஒலிம்பிக் விழாவிற் பெற்ற முதற் பதக்கம் அதுவே. நான்கு ஆண்டுகள் கழிந்து ஏதென்ஸ் நகரில், ஓகஸ்ற் 26 ஆம் நாள், தைவான் நாட்டுச் சென் ஷிஹ்-சின் என்னும் நங்கையும் சூ மூ-யென் என்னும் இளைஞரும் ஒருவர்பின் ஒருவராகப் பொன் வென்றனர். அதுகாறும் அந்நாட்டார் எவ்விளையாட்டிலும் ஒலிம்பிக் பொற்பதக்கம் பெற்றிலர். ஒரே மாலையில் இரண்டு கிடைத்தன. 2008 இல் பெய்ஜிங்கில் மெக்சிக்கோ வென்ற பொற்பதக்கங்கள் இரண்டு, இரண்டும் தைக்குவாண்டோவிலேயே. மூன் டே-வொன் அந்நாட்டில் அடிவைத்து அப்போது 39 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இனி, பதக்கங்கள் இங்ஙனம் பரந்துபட்டதற்கு ஆசிரியர் உழைப்பு மாத்திரமே காரணம் என்று கூறிவிடலாகாது. விதிகளும் அதற்கு ஏதுவாயின. சிட்னி முதல் இலண்டன் வரையுள்ள நான்கு விழாக்களில் ஒரு நாடு ஆடவர் இருவரையும் மகளிர் இருவரையும் மாத்திரமே அனுப்பலாம் என்னும் கட்டுப்பாடு இருந்தது. எட்டுப் பிரிவுகளில் நான்கிற் கொரியர் நுழையவே இயலாது. சிட்னியில் அவர் அனுப்பிய நால்வரும் பதக்கத்துடன் மீண்டனர்: மூன்று பொன், ஒரு வெள்ளி. பெய்ஜிங்கில் நால்வரும் பொன்னே வென்றனர். எட்டுப் பேரை அனுப்ப இடம் இருந்திருப்பின் பட்டியல் எவ்வாறு அமைந்திருக்கும் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்க. ஆகவே முதற்காலத்திற் காணப்பட்ட சமநிலை ஓரளவு விதியால் வந்தது. ஆற்றலால் மட்டும் வந்ததன்று. பெய்ஜிங் விழா தொட்டு ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு வெண்கலங்கள் வழங்கும் வழக்கமும் ஏற்பட்டது. அதனால் ஒரு விழாவிற் பெறத்தக்க பதக்கங்கள் 24 இலிருந்து 32 ஆகப் பெருகின.

இந்த இரண்டாம் வெண்கலம் என்பதனை எளிதாகக் கருதுவார் உளர். ஆனால் வறிய நாடொன்றுக்கு அது எத்துணைப் பெரிது என்பதை 2008 காட்டிற்று. றொஹுல்லா நிக்பாய் என்பார் ஆப்கானியர். போர்க்காலத்தில் அவர் குடும்பம் ஈரானுக்குப் புலம்பெயர்ந்தது. அங்கே அகதிகள் நடுவே வாழ்ந்த காலத்தில் அவர் இக்கலையைப் பயின்றார். பெய்ஜிங்கில் 58 கிலோகிராமுக்கு உட்பட்ட பிரிவில் ஸ்பெயின் நாட்டு உலக வீரர் ஒருவரை வென்று வெண்கலம் பெற்றார். ஆப்கானித்தானம் ஒலிம்பிக் வரலாற்றிற் பெற்ற முதற் பதக்கம் அது. நான்கு ஆண்டுகளின்பின் இலண்டனில் வேறு நிறைப்பிரிவில் நின்று அவரே இரண்டாவது வெண்கலத்தையும் பெற்றார்.

இலண்டனில் ஆடவர் பெருநிறைப் பிரிவின் இறுதிப் போட்டியில் காபொன் நாட்டு அந்தொனி ஒபாமேயும் இத்தாலியரான கார்லோ மொல்பெத்தாவும் ஒன்பதுக்கு ஒன்பது எனச் சமமாக நின்றனர். மத்தியஸ்தர் தீர்ப்பினால் இத்தாலியர் பொன் பெற்றார். எனினும் ஒபாமே கொண்டுசென்ற வெள்ளியே காபொன் நாட்டின் முதல் ஒலிம்பிக் பதக்கமாயிற்று. 2016 இல் ரியோவில் அஹ்மத் அபூகௌஷ் என்னும் இளைஞர் யோர்தானுக்கு முதற் பதக்கத்தை ஈட்டினார். அது பொன்னாகவும் அமைந்தது. அதே விழாவில் நைஜர் நாட்டு அப்துல் ரசாக் இசூபு வெள்ளி வென்றார். அந்நாட்டுக்கு அதற்குமுன் கிடைத்திருந்தது 1972 இற் குத்துச்சண்டையில் ஒரு வெண்கலம் மாத்திரமே.

இவை எல்லாவற்றினும் மனத்தைக் கவர்வது ஐவரி கோஸ்ற் நாட்டுச் சேக் சல்லா சிசே பெற்ற வெற்றியாகும். ரியோவில் 80 கிலோகிராமுக்கு உட்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி. பிரித்தானிய வீரர் லுதாலோ முகம்மது ஆறுக்கு நான்கு என முன்னின்றார். முடிய ஒரு விநாடியே எஞ்சியிருந்தது. சிசே உடலைச் சுழற்றி எதிரியின் தலையை நோக்கி உதைத்தார். சுழன்று தலையில் உதைத்தால் அக்கால விதிப்படி நான்கு புள்ளிகள். எட்டுக்கு ஆறு! ஐவரி கோஸ்றின் முதற் பொற்பதக்கம் இவ்வாறு கிடைத்தது. 1984 இல் ஓட்டத்திற் பெற்ற ஒரு வெள்ளிக்குப்பின் அந்நாடு முப்பத்திரண்டு ஆண்டுகள் வெறுங்கையுடன் இருந்தது. சிசே பொன் வென்ற மாலையிலேயே அவர் நாட்டு நங்கை ரூத் பாக்பி வெண்கலம் பெற்றார். முகம்மது அரங்கிற் கண்ணீர் சொரிந்தார் என்பதையும் சொல்லாது விடலாகாது. ஒரு விநாடியில் ஒருவர் இழந்ததே மற்றவர் பெற்றது.

இத்தகைய நாடுகள் நீச்சலிலோ படகோட்டத்திலோ குதிரையேற்றத்திலோ பதக்கம் பெறாது இதிற் பெறுவது ஏன்? காரணம் வெளிப்படை. நீச்சற்குளம் அமைக்கப் பெருஞ்செல்வம் வேண்டும். தைக்குவாண்டோவுக்கு வேண்டுவன ஒரு மண்டபம், பாய், வெள்ளாடை, நல்லாசிரியன். நிறையினால் பிரிவுகள் வகுக்கப்பட்டிருத்தலின் மெலிந்த உடலினரும் தம்மொத்தாரோடு பொரலாம். 49 கிலோகிராமுக்கு உட்பட்ட மங்கையர்க்கும் ஒரு பொன் உண்டு. தாய்லாந்து நாட்டுப் பானிபாக் வொங்பட்டனக்கிட் அப்பிரிவில் 2021 இலும் 2024 இலும் அடுத்தடுத்துப் பொன் வென்றார். தோக்கியோவில் அவர் வென்றது பதினொன்றுக்குப் பத்து என்னும் கணக்கில்.

புள்ளி ஒன்றினால் வெற்றி தீருமாயின், அப்புள்ளியை அளப்பவர் யார் என்னும் வினா எழும். தொடக்கத்தில் அளந்தவர் மனிதர். அரங்கின் ஓரங்களில் அமர்ந்த நடுவர் உதை பட்டதெனக் கண்டவுடன் பொத்தானை அழுத்துவர். பெரும்பான்மையோர் ஒருசேர அழுத்தினாற் புள்ளி கிடைக்கும். கண்ணிமைப்பொழுதில் நிகழும் உதையைக் கண்ணாற் காண்பது அரிது. பெய்ஜிங்கில் இம்முறை பெரும் இடர்ப்பாட்டுக்கு உள்ளாயிற்று. முன்னிரு விழாக்களிலும் பொன் வென்ற சீன நாட்டுச் சென் சொங்கை எதிர்த்துப் பிரித்தானிய நங்கை சாரா ஸ்டீவன்சன் இறுதி விநாடிகளிற் தலையில் உதைத்த உதைக்கு நடுவர் புள்ளி வழங்கவில்லை. முறையீட்டின்மேல் ஒளிப்பதிவை நோக்கித் தீர்ப்பு மாற்றப்பட்டது. அவ்விழாவிலேயே, சிட்னியிற் பொன் வென்ற கியூப வீரர் ஆங்கெல் மாத்தோஸ், காயத்துக்கென அளிக்கப்பட்ட ஒரு நிமிடத்தைக் கடந்தமையால் தோற்றவராக அறிவிக்கப்பட்டபோது, சினங்கொண்டு மத்தியஸ்தரின் முகத்திலேயே உதைத்தார். அவருக்கும் அவர் பயிற்றுநருக்கும் வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. நெறி என்னும் சொல்லைப் பெயரிலே தாங்கிய கலைக்கு இதனினும் இழுக்கு வேறுண்டோ?

சம்மேளனத்தார் விழித்துக்கொண்டனர். இலண்டன் விழாவில் மார்புக் கவசத்தினுள் இலத்திரனியற் கருவி பொருத்தப்பட்டது. உதையின் விசை உரிய அளவை எட்டினாற் கருவியே புள்ளியைப் பதியும். ஐயம் எழுந்தால் ஒளிப்பதிவை நோக்குமாறு பயிற்றுநர் கேட்கலாம். ரியோவில் தலைக்கவசமும் அவ்வாறாயிற்று. இதன் பயனைப் பட்டியலிலே காணலாம். இலண்டனில் எட்டுப் பொற்பதக்கங்களும் எட்டு நாடுகளுக்குச் சென்றன: ஸ்பெயின், துருக்கி, ஆர்ஜென்டீனா, இத்தாலி, சீனா, பிரித்தானியா, கொரியா, சேர்பியா. நாட்டுக்கு நால்வர் என்னும் விதி அப்போதும் நடைமுறையில் இருந்ததாயினும், அவ்விதி நான்கு பொன்னைத் தடுக்கவில்லை என்பதைப் பெய்ஜிங் காட்டியிருந்தது. ஆகவே விதியொன்றே இச்சமநிலைக்குக் காரணம் எனல் பொருந்தாது. ரியோவில் அக்கட்டுப்பாடு தளர்ந்தது. கொரியர் ஐவரை அனுப்பினர். ஐவரும் பதக்கம் பெற்றனராயினும் பொன் இரண்டே. தோக்கியோவுக்கு அறுவரை அனுப்பினர். பொன் ஒன்றும் இல்லை. தடை இருந்தபோது நால்வரால் நான்கு பொன்; தடை நீங்கியபின் அறுவரால் ஒன்றுமில்லை! ஏனையோர் உயர்ந்துவிட்டனர் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கருவியினால் நீதி வந்தது. ஆனால் கலை சிறிது மாறியது. ஏதென்ஸ் விழாவின் பெருநிறை இறுதிப் போட்டியிற் கொரியரான மூன் டே-சுங் பின்புறமாகச் சுழன்று உதைத்த ஓர் உதையிற் கிரேக்க வீரர் தம் நாட்டார் முன்னிலையில் நிலத்தில் வீழ்ந்தார். யாரும் புள்ளியை எண்ண வேண்டியிருக்கவில்லை. கருவி வந்தபின்னர், முன்காலை உயர்த்தியபடியே நின்று எதிரியின் கவசத்தைத் தொட்டுத் தொட்டுப் புள்ளி சேர்க்கும் பழக்கம் பெருகிற்று. வாட்போர் புரிவார் வாளை நீட்டுமாறு காலை நீட்டுகின்றனர் என்று பழையோர் வெறுத்துரைத்தனர். அதனைத் திருத்தும்பொருட்டு விதிகள் மாற்றப்பட்டன. மார்பில் உதைத்தால் இரண்டு, தலையில் உதைத்தால் மூன்று, சுழன்று மார்பில் உதைத்தால் நான்கு, சுழன்று தலையில் உதைத்தால் ஐந்து எனப் புள்ளிகள் ஏறின. கைமுட்டிக்கு ஒன்றே. அரிய உதைக்குப் பெரிய பரிசு என்பது நோக்கம். பாரிஸ் விழாவில் மூன்று சுற்றுக்களில் இரண்டை வென்றவரே வெற்றியாளர் என்னும் முறையும் கைக்கொள்ளப்பட்டது. உயரமும் நீண்ட காலும் உடையார்க்குக் கருவி துணைபுரிகின்றது என்பதை மறுத்தல் அரிது. ஆயினும் ஒருவர் கண்ணுக்குப் புலப்பட்டதையே நீதி எனக் கொண்ட பழைய முறைக்கு மீளவேண்டும் என்று நாம் கூறோம்.

யாம் ஐயுறுவது வேறொன்றை. 2013 ஆம் ஆண்டு மான்செஸ்ற்றர் நகரில் 'கிராண்ட் பிறீ' என்னும் தொடர்ப்போட்டி தொடங்கப்பட்டது. தரவரிசையில் முன்னிற்கும் வீரர் சிலரே அதற்கு அழைக்கப்படுவர். ரோம், மொஸ்கோ, பாரிஸ், மான்செஸ்ற்றர் எனப் பெருநகரங்களில் அது நிகழ்கின்றது. அதிலே பெறும் புள்ளிகள் ஒலிம்பிக் தரவரிசையிற் சேரும். பாரிஸ் விழாவுக்கு ஒவ்வொரு பிரிவிலும் பதினாறு இடங்கள். அவற்றுள் ஐந்து அத்தரவரிசையில் முதல்நின்ற ஐவர்க்கு உரியன. ஆண்டுதோறும் கண்டம் விட்டுக் கண்டம் பறந்து பொருவதற்குப் பொருள் வேண்டும். ஒரு மண்டபமும் ஒரு பாயும் போதும் என்று முன்னர்க் கூறினோமே, அக்கூற்று இத்தொடர்ப்போட்டிக்குப் பொருந்தாது. எனினும் வறியார்க்குக் கதவு முற்றாக அடைக்கப்படவில்லை. பெரும்பாலான இடங்கள் கண்டந்தோறும் நடைபெறும் தகுதிப் போட்டிகளின் வழியே நிரப்பப்படுகின்றன.

பதக்கப் பட்டியலுக்கு மற்றுமொரு குறை உண்டு. அது கொடிகளை எண்ணுமேயன்றி ஆட்களை எண்ணாது. கிமியா அலிசாதே என்னும் நங்கை ரியோவில் 57 கிலோகிராமுக்கு உட்பட்ட பிரிவில் வெண்கலம் பெற்றபோது வயது பதினெட்டு. ஈரானியப் பெண்ணொருத்தி ஒலிம்பிக்கிற் பெற்ற முதற் பதக்கம் அதுவே. 2020 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் தம் நாட்டை நீங்கினார். தோக்கியோவில் அகதிகள் அணியினராய் வந்து, முதற் போட்டியிலேயே தம் பழைய தோழியான ஈரானின் நாஹித் கியானியை எதிர்ப்பட்டு வென்றார். அடுத்து, இருமுறை பொன் வென்ற பிரித்தானியப் பெண் ஜேட் ஜோன்சையும் வென்றார். ஈற்றில் வெண்கலத்துக்கான போட்டியில் தோற்றார். பாரிஸிற் பல்கேரியாவின் கொடியின்கீழ் நின்றார். மீண்டும் கியானி எதிரே வந்தார். இம்முறை வென்றவர் கியானி. பட்டியலிலே இவை ஈரானுக்கு ஒரு வெண்கலம், அகதிகள் அணிக்கு ஒன்றுமில்லை, பல்கேரியாவுக்கு ஒரு வெண்கலம் என மூன்று வரிகளாகச் சிதறிக் கிடக்கும். மூன்றும் ஒருத்தியின் வாழ்வு என்பதை அப்பட்டியல் உரையாது.

அப்பிரிவின் இறுதிப் போட்டியிற் கியானியை எதிர்த்து நின்றவர் கிம் யூ-ஜின் என்னும் கொரிய நங்கை. உலகத் தரவரிசையில் அவர் இடம் இருபத்துநான்கு. தரவரிசை வழியாக வர இயலாமையால் ஆசியத் தகுதிப் போட்டியில் வென்று வந்தவர். அரையிறுதியில் முதலிடத்துச் சீன வீராங்கனையை வீழ்த்தி, இறுதியிற் கியானியையும் வென்றார். பாரிஸின் கிராண்ட் பலே மண்டபத்தில் அன்றிரவு பதக்க மேடையில் நால்வர் நின்றனர்: பொன்னுடன் கொரியாவின் கிம், ஈரானியப் பெண்ணொருத்திக்குக் கிடைத்த முதல் வெள்ளியுடன் கியானி, பல்கேரியாவின் வெண்கலத்துடன் அலிசாதே, கனடாவின் வெண்கலத்துடன் ஸ்கைலர் பார்க். இறுதியாகக் கூறப்பட்டவரின் தந்தையார் கொரிய மரபினர், தைக்குவாண்டோ ஆசிரியர், தம் மகளுக்கு அவரே பயிற்றுநர்.